எஸ்தர் பார்த்த வீக்கம்

எஸ்தர் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள். சதுரங்கப்பட்டினத்தில், சொந்த வீட்டில், தூக்கத்திலேயே...

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் எலிகளுக்குத் தீனி போடுகிறவன். அவர் திசுவை மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடு போடுகிற டெக்னீஷியன்.

கடைசி நாலு வருஷம் அவரோடு நான் பேசவில்லை. ஏன் என்பதை நானே எழுதிவிடுகிறேன்.

எலியின் முதுகுத் தோலுக்கு அடியில் உளுந்து அளவு ஸ்பாஞ்ச் ஒன்றை வைத்துத் தைப்பார்கள். ஸ்கஃபோல்டு என்று பெயர். கட்டடத்துக்குச் சாரம் மாதிரி. உடம்பு அதன் ஓட்டைகளுக்குள் ஏறித் தன் சதையைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்பாஞ்ச் கரைந்துவிடும்.

ஒரு தடவை நாலாம் நாளே எல்லா எலிக்கும் முதுகு வீங்கிவிட்டது. உடம்பு அதை வெளியே தள்ளுகிறது, வேலை கெட்டது என்று நினைத்தேன். எஸ்தரோ ஒரு ஸ்லைடைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அண்ணாத்த, ஓடியா! உள்ள இன்னா கூத்து நடக்குது பாரு!"

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தது அன்றுதான் முதல் தடவை. அப்பப்பா! நீல நீலமாகச் செல்கள், ஸ்பாஞ்சைச் சுற்றித் திருவிழாக் கூட்டம்! நாலைந்து ஒட்டிக்கொண்டு ஒரே ராட்சச செல்லாகி அதைக் கடித்துக்கொண்டிருந்தன.

"துன்னுதே எஸ்தரு!"

"துன்னட்டும். இந்த செல்லுக்கு மேக்ரோஃபேஜ்னு பேரு. மொதல்ல துன்னும், அப்பால அதுவே ரத்தக்குழாய இட்டாரும். வீங்கிகினு கீதுன்னு பயந்துக்காத."

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அன்றிலிருந்து டிக்ஷ்னரியை வைத்துக்கொண்டு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

ஆனால் இரண்டு கூண்டு எலிகள் தீனியைத் தொடாமல் சுருண்டு கிடந்தன. மனசு கேட்கவில்லை. என் முட்டி வீக்க மாத்திரையைப் பொடித்து அவற்றின் தண்ணீரில் கலந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீக்கம் வடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஸ்லைடு. மற்ற எலிகளில் ஓட்டைக்கு ஓட்டை புது ரத்தக்குழாய்... சிவப்பு ஓடியது! என் இரண்டு கூண்டில் மட்டும் ஸ்பாஞ்ச் காலி. ஒரு செல்லும் குடியேறவில்லை.

"இன்னா அண்ணாத்த குட்த்த இதுங்களுக்கு?"

"நான் இன்னா குட்த்தேன்? தண்ணி குட்த்தேன்."

"உன் முட்டி மாத்திர டப்பா காலியா கீது. முட்டி மட்டும் வீங்கிகினு கீது."

ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர்களிடம் போய்ச் சொல்லிவிட்டார். எனக்கு மெமோ. அன்றோடு பேச்சு நின்றது.

பிறகு அந்த டாக்டர்களே, தெரிந்தே, தனியாகச் சில எலிகளுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே காலி! கட்டுரையும் வந்தது. என் பெயர் எங்கும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் ரிட்டயர் ஆன அன்று ஸ்லைடு அலமாரியில் ஒரு பெட்டியைப் பார்த்தேன். எஸ்தர் கையெழுத்து: 'அண்ணாத்த கூண்டு. தூக்கிப் போடாதீங்க.'

பார்த்துவிட்டு, பேசாமல்தான் வந்தேன்.

எலிக்கு மாத்திரை கொடுத்தது தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். அதற்கு வலித்தது.

ஆனால் வீக்கத்தைப் பற்றி நீ சொன்னதுதான் சரி எஸ்தரு. உன்னிடம் சொல்லவில்லை... அச்சரப்பாக்கத்தில் பஸ் ஏறிவிட்டேன். வந்துகினு கீறேன்.