உட்கார இடமில்லாத உத்தியோகம்

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில், பம்பாய்த் தாராவியில் எங்கள் சந்து முடிகிற இடத்தில் முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே சின்ன வகுப்புக்கு என்னை 'உதவி' என்று வேலைக்கு எடுத்தார்கள். யாருக்கு உதவி, எதில் உதவி, எதுவரைக்கும் உதவி என்று எடுத்தவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஊரில் மூன்றாவது வரைக்கும் படித்தவள் நான். எங்கள் சந்தில் அந்த அளவு படித்த பொம்பளை வேறு யார்? கஞ்சி போட்ட சேலை கட்டி, குடை பிடித்துக்கொண்டு போனேன். மழையில்லாத நாளிலும் பிடித்தேன். டீச்சர் என்றால் குடை வேண்டும்.

போன பிறகுதான் விஷயம் விளங்கியது. காலையில் குடிசை குடிசையாகப் போய்ப் பிள்ளைகளை இழுத்துவருவது உதவி. மூக்கைத் துடைப்பது உதவி. ஒரு பிள்ளை தரையை நனைத்துவிட்டால், பிராமணர்கள் குடியிருக்கும் மாட்டுங்காவிலிருந்து வரும் டீச்சரம்மா சேலைக் கரையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, "கொஞ்சம் இங்க பாருங்கோ" என்பார். பார்ப்பது என்றால் துடைப்பது. டீச்சரம்மாவுக்குத் தலைவலி வந்தால் வகுப்பை நடத்துவதும் உதவிதான். அப்போது மட்டும் என்னையும் டீச்சர் என்பார்கள். தலைவலி போனதும் அந்தப் பட்டமும் போய்விடும்.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. நாற்காலிதான் பெரிதாகப் போயிற்று. அதற்குக் காரணம் எதிர்வீட்டு மைனி. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் முறை உள்ளவரின் பெண்டாட்டி. பள்ளிக்கூடத்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. பார்த்ததைக் குழாயடியில் வந்து கொட்டினாள்.

"ஏட்டி, டீச்சர் வேலன்னு சொன்னியே, ஒரு நாளாவது நீ உக்காந்து பாக்கலியே. காலு வலிக்கலியா?"

"நான் வேல பாக்கப் போறேன் மைனி. உக்காரவா போறேன்?"

"உக்காந்தாத்தாம்ட்டி டீச்சரு. நின்னா ஆயா."

குடம் வைத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மறுநாள் நேரே தலைமையாசிரியரிடம் போனேன்.

"சார், எனக்கு ஒரு நாற்காலி வேணும்."

அவரும் மாட்டுங்காக்காரர். நியாயமாகத்தான் பேசுவார், செய்வதுதான் வேறு. "நாற்காலி டீச்சருக்கு, ஸ்டூல் பியூனுக்கு. நீங்க ரெண்டுமில்லையே அம்மா" என்றார்.

"அப்ப நான் யாரு சார்?"

"உதவி."

"உதவி எதுல உக்காரணும்?"

"அதப் பத்தி மேலேருந்து ஒண்ணும் வரலையே" என்று விசிறியை எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அரிசிக்கு ரேஷன் வந்தது. தலைமையாசிரியர் வீட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு மாட்டுங்காக் கடையில் வரிசையில் நிற்பதும் உதவி ஆயிற்று. அது மட்டும் மேலேயிருந்து வந்ததா என்று நான் கேட்கவில்லை. அங்கேயும் நிற்கிற வேலைதான்.

ஒரு நாள் அரிசி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனால் வீடு பூட்டியிருந்தது. அவர் வீட்டம்மா கோயிலுக்குப் போய்விட்டாராம். மூட்டையைத் தலையில் வைத்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வகுப்பு வாசலில் கால் வைக்கும்போதுதான் தெரிந்தது, சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்டர் வந்து டீச்சரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தலைமையாசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"உங்க உதவி எங்கே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ஸ்கூலுக்கு வராத குழந்தையை அழைச்சுண்டு வரப் போயிருக்கா சார்."

இன்ஸ்பெக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். தலையிலிருந்த மூட்டையையும் பார்த்தார்.

"இதுதான் வராத குழந்தையோ?"

தலைமையாசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் படித்தவர் இல்லையா, வாய் கைவிடவில்லை. "இது பாடத்துக்கு சார். அரிசியில எழுதப் பழக்கறது. நம்ம வழக்கம் பாருங்கோ."

"பேஷ். யார் பழக்கறா?"

தலைமையாசிரியர் டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா துடைக்க ஆளில்லாமல் கிடந்த ஈரத் தரையைப் பார்த்தார், பிறகு தன் சேலைக் கரையைப் பார்த்தார்.

"இவாதான் சார்" என்று என் பக்கம் கை நீட்டினார் தலைமையாசிரியர்.

"நடத்தச் சொல்லுங்கோ, பாக்கறேன்."

நான் மூட்டையை இறக்கி வாயை அவிழ்த்தேன். ஒரு பிடி போதும், ஒரே ஒரு பிடி என்று தலைமையாசிரியரின் கண் கெஞ்சியது. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எதுவரைக்கும் என்று யாருமே சொல்லாத வேலையில் நானாக எங்கே நிறுத்துவது? மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஈரம் போக மிச்சத் தரை முழுக்கப் பரப்பினேன்.

பிள்ளைகள் அத்தனை அரிசியை ஒரே இடத்தில் பார்த்து எவ்வளவு நாளாயிற்றோ, ஓடி வந்தன. ஒவ்வொன்றாக விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தேன். எழுதின எழுத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்டன. ஒருத்தி பாவாடையில் முடிந்துகொண்டாள். தினமும் தரையை நனைக்கிற பொடியன் நேரே நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டருக்கு ஒரே சந்தோஷம். "ரொம்ப நன்னாருக்கு. பாடம் எடுக்கறவா ஏன் தரையில இருக்கா? நாற்காலி இல்லையா?"

"இருக்கு சார், இருக்கு" என்று தலைமையாசிரியர் ஓடினார். பியூன் டீ வாங்கப் போயிருந்தான். அதனால் தன் அறையிலிருந்த நாற்காலியைத் தானே தூக்கிவந்து எனக்குப் போட்டார்.

நான் அவசரப்படவில்லை. சேலையிலிருந்த தவிட்டைத் தட்டினேன். ஜன்னலில் மைனியின் முகம் வந்துவிட்டதா என்று பார்த்தேன். வந்திருந்தது, வாய் திறந்தபடி. அப்புறம் உட்கார்ந்தேன்.

இன்ஸ்பெக்டர் போனார். தலைமையாசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து, மிச்ச அரிசியைக் கூட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"அம்மா, கொஞ்சம் உதவி பண்ணக் கூடாதா?"

"வகுப்பு இன்னும் முடியலியே சார்" என்றேன், உட்கார்ந்தபடியே.