ஸ்டெல்லாவின் ஒன்பது இருமல்

போன வியாழக்கிழமை ஒரு குதிரை இருமியது. ஒன்பது முறை. எண்ணியவன் நான்.

வாராவாரம் என்னைப் படிப்பவர்களுக்குத் தெரியும். படிக்கட்டு, மாத்திரை, பஸ்ஸில் நிற்பவர்கள்... எதையும் எண்ணாமல் விடமாட்டேன். எண்ணினால் பயம் குறையும் என்று ஒரு நம்பிக்கை. குறைந்ததில்லை. எண்ணுவதையும் விட்டதில்லை.

குதிரையின் பெயர் ஸ்டெல்லா. கபில நிறம், நெற்றியில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம். தடை தாண்டும் போட்டிக் குதிரை. இங்கே சிசிலியில், லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் குடியிருக்கும் ஒரு சிஞோராவுக்கு, அதாவது இத்தாலிய அம்மாவுக்குச் சொந்தம். அந்த சிஞோராவின் வீட்டில்தான் என் மகள் வேலை செய்கிறாள். ஊருக்கு வெளியே உள்ள லாயத்தில் என் மருமகன் அன்ரன் ஸ்டெல்லாவைப் பராமரிக்கிறான். ஆக, எங்கள் வீட்டுக்கு வரும் இரண்டு சம்பளமும் ஒரே கையிலிருந்து வருகின்றன. எனக்குப் பயம் வராமல் என்ன செய்யும்?

மறுநாள் வெள்ளி இரவு ஸ்டெல்லா லொறியோடு கப்பலேறி ஜெனோவா போய், அங்கிருந்து அதே லொறியில் பிரான்சுக்குப் போட்டிக்குப் போகவேண்டும். துணைக்கு அன்ரன். அவனுக்கு முதல் பயணம்.

நாடு விட்டு நாடு போகும் குதிரைக்கு என்னென்ன வேண்டும் தெரியுமா? பாஸ்போர்ட். அதற்குள் அதன் வெள்ளை அடையாளங்களைக் கீறிய படம். கழுத்துக்குள் சிப். சளிக்காய்ச்சல் தடுப்பூசிப் பதிவு. காலையும் மாலையும் உடம்புச் சூடு பார்க்கவேண்டும். கடைசியில் மிருக வைத்தியர் வந்து சோதித்து, ஒழுங்காகத் தின்கிறதா என்றுகூட விசாரித்து, 'நோயில்லை' என்று கையெழுத்து வைக்கவேண்டும். தங்கும் அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வரிசையில் நானும் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன்... ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று ஒருவராவது கேட்டதுண்டா?

அந்த வியாழன் மத்தியானம் நானும் மனைவியும் அன்ரனுக்குச் சோறு கொண்டு போனோம். ஸ்டெல்லா மினுமினுவென்று நின்றது.

"உவளுக்குக் கண்ணூறு பட்டிருக்கும். கழிச்சுவிடுவம்," என்றாள் மனைவி.

"சும்மா இரப்பா. குதிரைக்கு ஆர் கண்ணூறு கழிக்கிறது?"

"நீங்கள் பேசாமல் இருங்கோ. நானும் மாதாவும் பாத்துக்கொள்ளுறம்."

கைப்பையிலிருந்து ஏழு செத்தல் மிளகாய் வெளியே வந்தது. வீட்டிலிருந்தே ஆயத்தமாக வந்திருக்கிறாள்! அன்ரன் புல் எடுக்கப் போன நேரம் பார்த்து மூன்று தரம் சுற்றினாள். பக்கத்தில் வேலையாட்கள் கோப்பி போடும் அறை. அங்கிருந்த காஸ் அடுப்பில் மிளகாயைப் போட்டு எரித்தாள்.

ஜன்னல் திறந்திருந்தது. காற்று லாயப் பக்கம்.

ஸ்டெல்லா ஒன்பது. நான் ஆறு.

அன்ரன் ஓடிவந்தான். "மாமி! என்ன வேலை செய்தனீங்கள்? டொத்தோரெஸ்ஸா இப்ப வாறா!"

வந்தே விட்டார். வைத்தியர் அம்மா வாசலில் கால் வைக்கவும் கடைசி இருமல் வரவும் சரியாக இருந்தது. எடுத்த பேனாவைத் திரும்பச் சட்டைப் பையில் செருகினார். சளிக்காய்ச்சல் என்றால் ஸ்டெல்லா மட்டுமல்ல, லாயத்தின் பதினான்கு குதிரைகளும் வெளியே போகமுடியாது. எப்போதிருந்து இருமுகிறது என்று அன்ரனைக் கேட்டார்.

"வைக்கல் தூசி எண்டு சொல்லு," என்று நான் தமிழில் முணுமுணுத்தேன்.

அவன் நிலத்தைப் பார்த்தான். மாமியார் லாயத்துக்குப் பக்கத்தில் மிளகாய் எரித்தாள் என்று சொன்னால், எந்த சிஞோரா வேலையில் வைத்திருப்பாள்?

என் மனைவி முன்னால் வந்தாள். ஊரார் வீட்டுச் சமையலறைகளில் பொறுக்கிய இத்தாலியன் அவளுடையது. "இயோ," என்று நெஞ்சில் கை வைத்தாள். நான்தான். "பெப்பெரொன்சீனோ... ஃபூமோ..." மிளகாய், புகை. பிறகு கையைக் காற்றில் மூன்று தரம் சுற்றிக் காட்டினாள்.

வைத்தியர் புருவத்தை உயர்த்தினார். "மலோக்கியோ?"

கண்ணூறு! சிசிலிக்காரிக்கு அது விளங்காமல் போகுமா? சிரித்தேவிட்டார். அவர்கள் வீட்டில் தட்டில் தண்ணீர் விட்டு எண்ணெய்த் துளியால் பார்ப்பார்களாம். "அதில் புகை வராது, சிஞோரா."

"அப்ப இனிக் கையெழுத்து வைப்பாவோ?" மனைவி அன்ரனைக் கேட்டாள்.

"இல்லை மாமி. மிளகாய் எண்டு நீங்கள் சொல்லுறியள். நோய் வருத்தம் இல்லையெண்டு பரிசோதனை எல்லோ சொல்லவேணும்."

அப்படியேதான் நடந்தது. ஸ்டெல்லாவின் மூக்குக்குள் குச்சி விட்டு மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். ஒன்பது இருமல் என்று நான் சொன்னதையும் எழுதிக்கொண்டார். என் எண்ணிக்கையை ஒருவர் மதித்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளி காலை அன்ரனின் போன். "மாமா, சூடு சரி. தீனும் திண்டிட்டாள்." பின்னேரம் முடிவு வந்தது: நோயில்லை. வைத்தியர் மறுபடி வந்து, நெஞ்சைக் கேட்டு, கையெழுத்து வைத்தார். என் மனைவி கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. கண்ணூறு இருந்தால் செத்தல் எரியும்போது காரம் மூக்கில் ஏறாதாம். ஏறியதே! அவளுடைய பரிசோதனையும் நெகட்டிவ்.

சிஞோராவிடமும் வைத்தியரே பேசினார். லாயத்துப் பக்கம் இனி அடுப்பே கூடாது என்று கண்டிப்பான உத்தரவு வந்தது. கூடவே என் மகளிடம் ஒரு கேள்வி: ஸ்டெல்லாவில் ஏறிப் போட்டிக்குப் போகும் தன் பெண்ணுக்கும் உன் அம்மா ஒருதரம் சுற்றிப் போடுவாரா?

வியாழன் அன்று அந்த வைத்தியர் மேல் எனக்குக் கோபம். சிரித்தவர் கையெழுத்தையும் வைத்தால் என்ன? இப்போது யோசிக்கிறேன். மிளகாயோடு சேர்ந்து உண்மையிலேயே காய்ச்சலும் இருந்திருந்தால்... பிரான்சில் எத்தனை லாயம், எத்தனை அன்ரன்? இரக்கப்பட்டுக் கையெழுத்து வைப்பது சுலபம். வைக்காமல் போய், சொன்னபடி மறுநாள் திரும்பி வந்தாரே, அதற்குத்தான் நன்றி சொல்கிறேன்.

இரவு துறைமுகம். லொறி கப்பலுக்குள் போகும் நேரம் மனைவி கைப்பையைத் திறந்தாள். மறுபடி மிளகாயா? நல்லவேளை, கண்மை.

"தம்பி, புகை இல்லை. நெத்தியிலை ஒரு கறுப்புப் பொட்டு மட்டும்..."

"ஐயோ மாமி! பாஸ்போர்ட் படத்திலை அந்த இடம் வெள்ளை!"

யோசித்தாள். பிறகு அந்தப் பொட்டை அன்ரனின் காதுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

குதிரைக்கு வைத்தியர் இருக்கிறார். அன்ரனுக்கு மாமி!