படத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தவள்

எங்கள் ஓவியக் காட்சியகத்தில் மூன்றாவது கூடத்துக்குக் காவல் நான். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையில் பேச வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். என்னைப் பற்றி இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது எங்களிடம் ஒரு வருஷத்துக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி.

கல்விப் பிரிவு மேடம்தான் அவளைக் கூடம் கூடமாக அழைத்து வந்தார். ஒல்லியான பெண். தோளில் துணிப்பை, கையில் அட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஸ்டாப்வாட்ச்.

"இவங்க நம்ம புது ஃபெலோ. பள்ளிக்கூடப் பிள்ளைங்க, பெரியவங்க எல்லாருக்கும் படம் பாக்க எப்படி உதவறதுன்னு இங்கயே இருந்து கத்துக்கப் போறாங்க. ஒத்துழைப்பு குடுங்க" என்றார் மேடம்.

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் சாவிக்காரர் என் நாற்காலி அருகே வந்தார். காவலர்களில் மூத்தவர் அவர். எல்லாக் கூடத்துச் சாவியும் அவர் இடுப்பில்தான்.

"பொம்பளைப் பிள்ளையப் போய் ஃபெலோங்கறாங்க. பேரே சரியில்லையே, தங்கச்சி."

"படிக்க வந்திருக்குது போல, அண்ணே."

"படிக்க வந்த பிள்ளைக்கு ஓட்டப் பந்தயக் கடிகாரம் எதுக்கு? யார் எப்ப எந்திரிக்கிறோம், எப்ப கண் அசர்றோம்னு பாக்க வந்திருக்குது. எழுதி வச்சுக்க."

அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. போன வருஷம் இப்படித்தான் இரண்டு பேர் அட்டையோடு வந்து இரண்டாவது கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் அங்கே கேமரா மாட்டினார்கள். அங்கே காவலுக்கு இருந்த அக்காவை வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் அவள் வெயிலில் நின்று டோக்கன் கொடுக்கிறாள். எனக்கோ முழங்காலில் வலி. வெயிலில் நாள் முழுக்க நிற்கச் சொன்னால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

அதனால் நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு அது தெரியக் கூடாது என்றும் பார்த்துக்கொண்டேன்.

மற்றவர்கள் காட்சியகத்துக்கு வந்தால் படத்தைப் பார்ப்பார்கள். அவள் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். என் கூடத்தில் ஒரு தூண் உண்டு. அதன் ஓரமாக நின்று, உள்ளே வருகிற ஆட்களைப் பார்ப்பாள். யாராவது ஒரு படத்தின் முன் நின்றால் ஸ்டாப்வாட்சை அமுக்குவாள். அவர்கள் நகர்ந்ததும் மறுபடி அமுக்குவாள். அட்டையில் கூடத்தின் வரைபடம் இருந்தது. அதில் பென்சிலால் கோடு போடுவாள். நடு நடுவே தலையைத் தூக்கி என்னையும் பார்ப்பாள். நான் பார்த்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவே இல்லை.

சாவிக்காரர் ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டார். "என்னம்மா, கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாக்குற?"

"யார் எந்தப் படத்துகிட்ட நிக்கிறாங்க, எவ்வளவு நேரம் நிக்கிறாங்க, எங்க திரும்பிடறாங்கன்னு பாக்கறேன் அண்ணே. அது தெரிஞ்சாத்தான் அவங்களுக்கு என்ன சொல்லித் தரலாம்னு தெரியும்."

"நாங்களும் இத்தனை வருஷமா அதைத்தான் பாக்கறோம். எங்களை யாரும் ஃபெலோன்னு கூப்பிடலையே."

அவள் அதற்கும் சிரித்தாள். மடியில் கனமில்லாதவள் சிரிப்பதைப் போலத்தான் இருந்தது. ஆனால் கனம் இருப்பவர்களும் சிரிக்கப் பழகிக்கொள்வார்களே.

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துவந்து படம் காட்டும்படி அவளிடம் சொன்னார்கள். அன்று எங்கள் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. என் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய படம் இருக்கிறது. துணி காயும் கொடிக்குக் கீழே இரண்டு பெண்கள், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். அதன் எதிரில் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்தாள். வரைந்தது யார், எந்தக் காலத்துப் படம், ஒன்றும் சொல்லவில்லை. தானும் தரையில் உட்கார்ந்துகொண்டு, "இதுல என்ன நடக்குது?" என்று கேட்டாள்.

"சண்டை போட்டிருக்காங்க" என்றது ஒரு பிள்ளை.

"எதைப் பாத்து அப்படிச் சொல்ற?"

"துணிக்கு நடுவுல இடம் விட்டிருக்காங்க. இந்தப் பக்கம் ஒருத்தங்க துணி, அந்தப் பக்கம் ஒருத்தங்க துணி."

"இல்ல, ரெண்டு பேருக்கும் களைப்பு. முதுகுல சாஞ்சுக்க வந்திருக்காங்க, இன்னும் சாயல" என்றது இன்னொன்று.

"வேற என்ன தெரியுது?" என்று அவள் கேட்டாள். அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு விஷயமும் வரவில்லை. முழு நேரமும் கேள்விதான். வாசலில் நின்ற சாவிக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பிள்ளைகள் போனதும், "அதுக்கே ஒண்ணும் தெரியல. பிள்ளைங்ககிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்குது. நல்ல வாத்தியார்!" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் பிள்ளைகள் ஒரே படத்தின் முன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதை நான் சாவிக்காரரிடம் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் குடை. ஒரு படத்தையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இங்க ஃபெலோன்னு ஒரு பொண்ணு இருக்குதே, அது என்ன வேலை பாக்குது?"

"நீங்க யாரு?"

"தாய்மாமன். சொல்லாம வந்திருக்கேன், நீயும் சொல்லிடாத. படத்தை விக்குதா?"

"இல்லைங்க."

"துடைக்குதா?"

"இல்லைங்க. அதுக்கு வேற ஆள் இருக்கு."

"அப்ப என்னதான் பண்ணுது?"

"நிக்குதுங்க. வர்றவங்களைப் பாக்குது."

அவர் முகம் கறுத்துவிட்டது. "நிக்கறதுக்கா காசு குடுக்கறான்? இதுல ஏதோ வில்லங்கம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே என் எதிரிலேயே புலம்ப ஆரம்பித்தார். அவர் புலம்பியதில்தான் அவள் கதை எனக்குத் தெரிந்தது. அப்பா இல்லை. இந்த மாமாதான் அவளை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்த்துவிட்டிருந்தார். வருகிறவர்களுக்குச் சட்டம் மாட்டிப் பார்த்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்கிற வேலை. சாயங்காலக் கல்லூரியில் படித்துப் பட்டமும் வாங்கிவிட்டாள். கடையில் எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். அங்கேயே இருந்திருந்தால் மேற்பார்வைக்கு உயர்த்தியிருப்பார்கள். விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டாள்.

"வருஷம் முடிஞ்சா வச்சுக்கவும் வச்சுக்கலாம், போன்னு சொன்னாலும் சொல்லலாமாம். இது என்ன பேச்சு? கடையில அவ இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. அவ அம்மா ராத்திரி தூங்கறதில்லை. பரமபதத்துல ஏணியை விட்டுட்டு வந்து பாம்பு வாயில நிக்கிறா" என்றார் மாமா.

அவர் போன பிறகு அவளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் உடனே இன்னொன்றும் தோன்றியது. இங்கேயே நிலைத்துவிட வேண்டும் என்று இவ்வளவு தவிப்பு உள்ளவள், அதற்காக யாரை வேண்டுமானாலும் காட்டிக்கொடுப்பாள்.

வருஷம் முடியப்போகிற சமயம். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பின்வாசல் படிக்கட்டில்தான் டப்பாவைத் திறப்போம். அன்று நான் தனியாக இருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்காமல் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

நான் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டேன். "சொல்லு."

"கொடிக்குக் கீழ ரெண்டு பேர் உக்காந்திருக்கற படம் இருக்கில்ல, அதுகிட்ட தனியா வர்றவங்க யாருமே நிக்கறதில்லை. பாதி வழியில திரும்பிடறாங்க. முதல்ல படம் பிடிக்கலைன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா, நீங்க சாப்பிட எந்திரிச்சுப் போய், சாவிக்கார அண்ணன் வாசல்லேருந்து பாத்துக்கற நேரத்துல மட்டும் நிக்கிறாங்க. நல்லா நிக்கிறாங்க."

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் சோறு இறங்கவில்லை.

"நான் யாரையும் ஒண்ணும் சொல்றதில்லையே. வாயே திறக்கறதில்லை."

"தெரியும் அக்கா. நாற்காலி படத்தை ஒட்டி, வாசலைப் பாத்து இருக்கு. வர்றவங்க நிமிந்தா முதல்ல உங்க கண்ணுதான். ஏதோ தப்புப் பண்ண வந்த மாதிரி கூசிப் போயிடறாங்க."

என் கண்ணைப் பார்த்து ஆள் கூசுகிறார்களாம். யாராவது என்னை நிமிர்ந்து பார்த்தால் கூசிப்போகிறவள் நான்.

"இதைத்தான் கடைசியில டைரக்டர் முன்னாடி சொல்லணும். நான் கண்டுபிடிச்சதுல இது ஒண்ணுதான் உருப்படியா இருக்கு. உங்ககிட்ட கேக்காம சொல்ல மனசு வரல" என்றாள்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் எனக்கு ஞாபகம் வந்தது. "சொன்னா என்னை வண்டி நிறுத்தற இடத்துக்கு அனுப்பிடுவாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டு, "தெரியல அக்கா" என்றாள்.

சாவிக்காரரிடம் சொன்னேன். "நான் அன்னைக்கே சொல்லல? நாற்காலி ஆபீஸ் உத்தரவுப்படி போட்டது. ஒரு அங்குலம் நகத்தக் கூடாது. நீ அசையாம உக்காரு. அது சொல்றது பொய்யின்னு ஆயிடும்" என்றார்.

நான் அசையாமல்தான் உட்கார்ந்தேன். ஆனால் பொய்தானா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. தலையைக் குனிந்து, கடைக்கண்ணால் மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு அம்மா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளை படத்தைக் கைகாட்டியது. அம்மா என்னைப் பார்த்தாள். பிள்ளையின் கையைக் கீழே இறக்கிவிட்டு மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கிழவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தவர், என்னைக் கண்டதும் கையை முன்னால் கொண்டுவந்து விரித்துக் காட்டாத குறையாகத் திரும்பினார். ஒவ்வொருவராக, அவள் சொன்ன அதே இடத்தில்.

விடுமுறை நாள் ஒன்றில், காட்சியகம் மூடியிருந்தபோது, அவள் ஒரு வருஷத்தில் பார்த்ததைச் சொல்ல வேண்டியிருந்தது. என் கூடத்திலேயே வைத்தார்கள். டைரக்டர், கல்வி மேடம், ஆபீஸிலிருந்து சிலர். மூடிய நாளிலும் கூடத்தைத் திறந்தால் காவல் இருக்க வேண்டும். ஆகவே நான் நாற்காலியில். சாவிக்காரர் வாசலில்.

அவள் முதலில் பிள்ளைகள் சொன்னதையெல்லாம் சொன்னாள். பிறகு வரைபடத்தை விரித்து, கோடுகள் எல்லாம் திரும்புகிற இடத்தைக் காட்டினாள். என்னைச் சொல்லவில்லை. நாற்காலி என்று மட்டும் சொன்னாள். எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அதில் நான் இருந்தேன்.

டைரக்டர் முகம் மலர்ந்தது. "ஆள் இல்லாத நேரத்துல நிக்கறாங்கன்னு சொல்றீங்க. அப்ப இங்கயும் கேமரா போதும். காவல் வேண்டாம். அதானே? இதை எழுதிக் குடுங்க, நல்ல அறிக்கை."

மேடம் அவளைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும், வேலை அவளுக்கு. எனக்கே அது தெரிந்தது. சாவிக்காரர் இடுப்புச் சாவியைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"அதானேன்னு சொல்ல முடியாது சார்" என்றாள் அவள். "அக்கா இங்க இருந்தப்ப பாத்திருக்கேன். நாற்காலியில யாரும் இல்லாதப்ப பாத்திருக்கேன். நாற்காலி வேற இடத்துல இருந்து நான் பாக்கவே இல்லை. பாக்காததை எழுத முடியாது."

"ஒரு வருஷம் இருந்தீங்களே, அதைப் பாத்திருக்கலாமே" என்றார் டைரக்டர். மலர்ச்சி போய்விட்டது. "அப்ப இது பாதிதான். பாதி வேலைக்கு எப்படி ஆள் போடறது?"

அவள் வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தாள். அவள் என்னிடம் கேட்டிருந்தால் நாற்காலியை நகர்த்தியிருப்பேனா என்று நான் யோசித்துப் பார்த்தேன். மாட்டேன். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் என் பேரைச் சொல்லி அவள் தப்பிக்கவில்லை.

எனக்கு அவள் மேல் திடீரென்று அன்பு பொங்கிவிடவில்லை. நான் போட்டது கணக்கு. அவள் இன்றோடு போனால், நாளைக்கு அந்த வரைபடத்தை வேறு யாராவது எடுப்பார்கள், தலையாட்டுவார்கள். நான் எழுந்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தேன். வாசலை ஒட்டிய சுவரோரம், உள்ளே வருகிறவர்களுக்கு முதுகுப் பக்கமாக இருக்கும்படி போட்டேன். அங்கிருந்தும் எல்லாப் படமும் தெரிந்தது. உட்கார்ந்தேன்.

"தங்கச்சி!" என்றார் சாவிக்காரர்.

டைரக்டரிடம் பேச வேண்டியிருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. மேடத்தைப் பார்த்து, "இப்ப பாக்கட்டும் மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

மேடம்தான் டைரக்டரைச் சம்மதிக்கவைத்தார். ஃபெலோஷிப்பைக் கொஞ்ச காலம் நீட்டினார்கள். அவள் மறுபடி தூணோரம் நின்றாள். ஆட்கள் வந்தார்கள். முதலில் படத்தை நோக்கி நேராக நடந்தார்கள். நான் பின்னால் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் சிலர் நின்றார்கள். சிலர் என்னிடம் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். முன்பெல்லாம் அதைக்கூட யாரும் கேட்டதில்லை. பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது, சொன்னேன். அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

கேமரா வரவில்லை. அவளைக் கல்விப் பிரிவில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். உத்தரவு வந்த அன்று மாமா மறுபடி வந்தார், இந்த முறை அவள் அம்மாவோடு. அம்மா என்னிடம், "நிக்கறதுக்குத்தான் குடுக்கறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் நம்பவில்லை.

சாவிக்காரர் இன்னும் அவள் முன்னால் பேச்சைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறார். நானும் அவளிடம் எல்லாம் சொல்லிவிடுவதில்லை. ஆனால் அவள் சொன்னால் கேட்கிறேன்.

போன வாரம் டிக்கெட் கவுண்டர்க்காரர் என் கூடத்துக்கு வந்து, குனிந்து காதோரமாகக் கேட்டார்: "அந்தக் கல்விப் பிரிவுப் பொண்ணு ரெண்டு நாளா கவுண்டர் எதிர்ல நிக்குது. கையில கடிகாரம். யாரைப் பாக்குது?"

"உங்களைத்தான்" என்றேன். "அதுவே வந்து சொல்லும். சாப்பிட்டு முடிச்சுட்டுக் கேட்டுக்கங்க, இல்லைன்னா சோறு இறங்காது."