தலைகீழாகத் திருப்பிய வானம்

நான் நட்சத்திர ஆராய்ச்சி செய்கிறவள் என்று தெரிந்தால் எங்கள் பக்கத்தில் இரண்டு கேள்வி வரும். ஒன்று, "எம் பொண்ணு சித்திரை ரெண்டாம் பாதம், எப்போ கல்யாணம் ஆவும்?" அதற்கு நான் பதில் சொல்வதில்லை, முறைப்பேன். இன்னொன்று, "இந்தப் பொகையில உங்களுக்கு இன்னா தெரியுது?" இது நியாயமான கேள்வி. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளின் வெளிச்சத்துக்கும் புகைக்கும் நடுவில் எங்கள் வானத்தில் நிலா தெரிவதே பெரிய விஷயம். உண்மையைச் சொன்னால் நான் வானத்தை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் நான் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியில், ஃபேன் கடகடக்கும் ஒரு லேபில் உட்கார்ந்து, யாரோ எடுத்து வைத்த படங்களைக் கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

அவை அகச்சிவப்புப் படங்கள். வயதான நட்சத்திரங்களில் சில, தாங்களே கக்கிய தூசிக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். சாதாரண வெளிச்சத்தில் தேடினால் அகப்படாது, வெப்பம் மட்டும் தூசியைத் தாண்டி வரும். அப்படிப்பட்டவை உப்பும், சுருங்கும், கூடியும் குறைந்தும் எரியும். அவற்றைப் பிடிக்க ஒரு வழி, வானத்தை முழுக்கப் படம் பிடித்த இரண்டு அகச்சிவப்பு சர்வேக்களை, பல வருட இடைவெளியில் எடுத்தவற்றை, ஒப்பிடுவது. அன்று பளிச்சென்று இருந்தது இன்று மங்கியிருந்தால் அது மாறும் நட்சத்திரம். சொல்வது சுலபம். இரண்டு சர்வேவுக்கும் கருவி வேறு, வடிகட்டி வேறு, அதனால் மாறாததும் மாறின மாதிரி நடிக்கும். கம்ப்யூட்டர் சலித்துக் கொடுத்ததில் ஏகப்பட்ட பொய் இருக்கும். கடைசியில் மனிதக் கண்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதுவும் ஒருத்தர் போதாது, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒருவர் குறித்தது மற்றவருக்குத் தெரியக்கூடாது என்பது என் வழிகாட்டி போட்ட சட்டம்.

இரண்டாவது ஆளாக வந்தவள் எலக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை செய்த என் தோழி. நல்ல உயரம். பசங்கள் அவளுக்கு வைத்த பெயர் கொடிக்கம்பம். அது அவளுக்கும் தெரியும், சிரித்துக்கொள்வாள். என்னைவிடச் சின்னவள் என்பதால் அக்கா என்பாள். இந்த வேலை கட்டுரையாக வந்தால் அதைக் காட்டி பிஎச்டிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. அதனால் என்னைவிட அக்கறையாக உட்காருவாள்.

பெரிய திரையில் பழைய படமும் புதிய படமும் மாறி மாறி வரும். தேடக்கூடாது. நடுவில் இருக்கும் சிலுவைக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தால், மாறிய நட்சத்திரம் எங்கே இருந்தாலும் துடிக்கும், கடைக்கண்ணில் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்தில் க்ளிக் செய்தால் போதும்.

அந்த வருடம் அவள் நெற்றி அடிக்கடி வீங்கிக்கொண்டிருந்தது. கேட்டால், "சமையக்கட்டு வாசக்கால்ல இடிச்சிக்கினேன்க்கா" என்பாள். இன்னொரு நாள் பஸ் கம்பி, இன்னொரு நாள் வேப்பங்கிளை. ஸ்டாஃப் ரூமில் யாரும் நம்பவில்லை. "அவ ஊட்டு வாசக்காலுக்கு மீச கீது போல" என்றார் கெமிஸ்ட்ரி மேடம். "நெருப்பில்லாம பொகையுமா?" என்றார் இன்னொருவர். நானும் நம்பவில்லை. அவள் கணவருக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. பகல் ஷிப்டுக்குப் போகிற வழியில் பைக்கில் அவளைக் கல்லூரி கேட்டில் இறக்கிவிடுவார். முரட்டு மீசை, சிவந்த கண். கண் நிலக்கரித் தூசியிலும் சிவக்கும் என்று யோசிக்கிற பொறுமை எனக்கு ஏது? என்னைப் பார்த்ததும், "நாஷ்டா ஆச்சா மேடம்?" என்பார். நான் செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிந்துகொள்வேன்.

ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லு, நான் இருக்கேன்" என்றேன்.

"இன்னாக்கா சொல்றது?" என்று விழித்தாள். பாவம், மறைக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

செமஸ்டர் முடியும் சமயத்தில் எங்கள் இருவரின் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் பிடித்ததில் நிறையவற்றை அவள் விட்டிருந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அன்றும் வந்தது. வீட்டுக் கவலையில் அரைத் தூக்கமாகப் பார்த்திருக்கிறாள், இவளை நம்பி என் ஆராய்ச்சி போச்சு என்று பொருமினேன். வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று வழிகாட்டிக்கு மெயில்கூட எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. அவள் விட்டவை எல்லாம் மங்கலானவை இல்லை என்பது உறுத்தியது. சில, கண்ணைக் குத்துகிற மாதிரி துடித்தன. விட்டவற்றின் இடங்களையெல்லாம் ஒரே படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். அத்தனையும் மேல்பாதியில் இருந்தன. கீழ்ப்பாதியில் அவள் ஒன்றைக்கூட விடவில்லை. நான் விட்டதையும் பிடித்திருந்தாள்.

முதலில் படத்தைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் அதே படத்தில் எனக்குத் தெரிந்ததே. சரி, பார்த்துவிடலாம் என்று அதே படங்களைத் தலைகீழாகத் திருப்பி, புதுப் பகுதி வந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் வழக்கம்போல முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். முன்பு அவள் விட்ட நட்சத்திரங்கள் இப்போது கீழே வந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்தாள். முன்பு அவள் பிடித்தவை இப்போது மேலே துடித்தன. அவள் சிலுவையைப் பார்த்தபடி சும்மா இருந்தாள்.

"இந்தப் பகுதி ஒரு மாதிரி காலியா கீதுக்கா. மேல ஒண்ணுமே இல்ல" என்றாள்.

நான் திரையின் மேல்பாதியைப் பார்த்தேன். அவள் சொன்ன இடத்தில் ஒரு நட்சத்திரம் என்னைப் பார்த்துத் துடித்துக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம், உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஏதோ சாக்குச் சொல்லி அவளோடு கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். ஆலைகளுக்குப் போகிற ரோட்டில் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்று. உள்ளே நுழைந்ததும் சமையலறை வாசல் கண்ணில் பட்டது. தாழ்ந்த வாசக்கால். அதன் மேல்கட்டை முழுக்க ஸ்பாஞ்சு வைத்து, பழைய துண்டைச் சுற்றி, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியிருந்தது. அலமாரிக் கதவின் முனைகளிலும் ஸ்பாஞ்சு.

நான் அதையே பார்ப்பதைக் கவனித்த அவள் கணவர், டீ டம்ளரோடு வந்து கூச்சப்பட்டார். "தெனம் இடிச்சிக்கினே கீது மேடம். அது ஒசரம், ஊடு குள்ளம். ஓனராண்ட சொன்னா சிரிக்கிறாரு. பேஜாரா பூட்ச்சி. அதான் நானே கட்டி உட்டேன்."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. டீயை வாங்கிக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னேன். நட்சத்திரம், சர்வே எல்லாம் அவருக்குப் புதிது. ஆனால் மேலே இருப்பது அவளுக்குத் தெரியவில்லை என்றதும், திரும்பி அந்த வாசக்காலைப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கும் கடசீல கண்ணு தெரியாம பூட்ச்சிக்கா. வயசாச்சேன்னு உட்டுட்டோம்" என்றாள் அவள், மெதுவாக.

அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பார்வ பூடுமா மேடம்?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

மறுநாள் காலை சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பீல்டு டெஸ்ட் என்று ஒன்று. வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் எங்கே வெளிச்சப் பொட்டு தெரிந்தாலும் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். "அட, நம்ம வேலதான்க்கா இது" என்று சிரித்துக்கொண்டே போனாள். நானும் அவள் கணவரும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். பட்டன் சத்தம் கேட்டது. க்ளிக், க்ளிக். பிறகு ஓய்ந்தது. அழுத்துடி, அழுத்துடி என்று மனதுக்குள் கெஞ்சினேன். எந்த நட்சத்திரத்துக்காகவும் நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

குளுக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது. இரண்டு கண்ணிலும் மேல்பக்கத்துப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் சொட்டு மருந்தை ஒருநாளும் விடக்கூடாது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் நடுப்பார்வைக்கே வந்திருக்கும்.

அவள் அந்த ரிப்போர்ட்டில் கறுப்பாக அடித்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "எனக்கு எங்கியுமே இருட்டா தெரியலியே டாக்டர். எல்லாம் முழுசாத்தான் தெரியுது."

"அப்படித்தான் இருக்கும்மா. தெரியாத எடத்த மூளையே எதையாவது போட்டு நெரப்பிடும். நமக்கு முழுசா பாத்த மாதிரியே இருக்கும்" என்றார் டாக்டர்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த முறை செருப்பு வாரைத் தொடவில்லை.

வெளியே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, என்னிய வேலயிலேர்ந்து எடுத்துட மாட்டீங்களே?"

"எடுக்கறதா? ஒவ்வொரு படத்தையும் ரெண்டு தடவ பாக்கப்போற. நேரா ஒண்ணு, தலகீழா ஒண்ணு. வேல இரட்டிப்பு, தப்பிக்க முடியாது" என்று அதட்டினேன். சிரித்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அனுப்பாத அந்த மெயிலை அங்கேயே நின்று அழித்தேன்.

அவள் கணவர் மருந்துப் பெட்டியைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, எந்தச் சொட்டு எப்போது என்று முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் ராத்திரி அவர் தூங்கியிருக்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் பக்கத்தில் போய், "நாஷ்டா ஆச்சாங்களா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்தது. "இல்ல மேடம். வாங்க, மூணு பேருமே போலாம்."

ஆஸ்பத்திரி கேன்டீன் வாசல் நல்ல உயரம். அவளுக்கு மேலே இன்னொரு ஆள் நின்றாலும் இடிக்காது. ஆனாலும் உள்ளே நுழையும்போது, பேச்சை நிறுத்தாமலே, அவர் கை தானாக உயர்ந்து அவள் நெற்றிக்கு முன்னால் போய் நின்றது.