உடையாத ஆக்சில்

நான் பொய்யாக மொழிபெயர்த்தேன். சோவியத்து நாட்டில் உடைந்துபோன ஒரு காரின் ஆக்சிலை, சங்கரன்கோவில் கார் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வாயாலேயே ஒட்டவைத்தேன். அதனால் ஒரு மனிதன் சொந்தக் கார் வாங்காமலே போனான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம்தான் சொல்கிறேன்!

சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கே பாதிக் கதை வரை சிரிப்புதான் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். சோவியத்து நாட்டிலிருந்து வழவழத் தாளில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை எனக்குத் தபாலில் வரும். பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட அதைப்போல வேறொன்று கிடையாது. அங்கே ஒரு புதிய குடும்பக் காரை எப்படி உருவாக்குகிறார்கள் என்று அதில் மாதாமாதம் எழுதிவந்தார்கள். பின்சக்கரம் தள்ளுகிற கார் அல்ல. முன்சக்கரம் இழுக்கிற கார்! எஞ்சினைக் குறுக்கே கிடத்தி, வண்டிக்கு அடியில் ஓடும் நீளத் தண்டையே எடுத்துவிட்டார்களாம்.

பள்ளி விட்டதும் ஸ்டாண்டுக்குப் போய் டிரைவர்களுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். அவர்களில் செல்லையா எனக்கு உயிர். சிவகிரி முதலாளி ஒருவரின் அம்பாசிடரை அவன் ஓட்டிக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் திருவேங்கடம் பக்கம் சவாரி போனால், கரிசல் சகதியில் அதன் பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கும். இறங்கித் தள்ளித் தள்ளியே அவனுக்குத் தோள் காய்த்துவிட்டது.

“மாட்ட வண்டிக்கு முன்னாலதான பூட்டுதோம்? பின்னால பூட்டித் தள்ளச் சொன்னா மாடே சிரிக்கும். இந்த ரஷ்யாக்காரன் நம்ம கரிசல்ல பொறந்திருக்க வேண்டியவன், சார்வாள்!” என்றான்.

ஒரு மாதம் கெட்ட செய்தி வந்தது. திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்று இரட்டை வேலை பார்க்கும் முன் ஆக்சில், பனியில் ஓட்டிப் பார்த்தபோது உடைந்துவிட்டது. உள்ளபடியே வாசித்தேன். ஸ்டாண்டே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் செல்லையா என்ன செய்தான் தெரியுமா? பாம்பு, தேள் பயம் தீர, அவற்றின் உருவம் பதித்த தகட்டை எங்கள் ஊர்க் கோயில் உண்டியலில் போடுவார்கள். இவன் தட்டாரிடம் சொல்லி ஆக்சில் உருவத்தில் ஒரு வெள்ளித் தகடு வெட்டி, கோமதியம்மனுக்குப் போட்டுவிட்டான்! நெற்றி நிறையக் கோயில் புற்றுமண்ணோடு என் முன்னால் வந்து நின்றான்.

“அம்மன்ட்ட சொல்லியாச்சு. இனி ஒடையாது. அடுத்த புஸ்தகம் வந்ததும் வாசிங்க.”

அடுத்த இதழ் வந்தது. அதில்... மறுபடியும் உடைந்திருந்தது! வரைபடத்தை முதலிலிருந்து போடப்போவதாகவும், கார் வெளிவரப் பல ஆண்டுகள் ஆகலாம் என்றும் ஒளிக்காமல் அச்சிட்டிருந்தார்கள்.

நானோ வேதக்காரன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். உன் அம்மன் கைவிட்டாள் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? அது மட்டும்தானா காரணம்? இல்லை... அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுகத்தை விட எனக்கு மனம் வரவில்லை. “ஆக்சில் வெற்றி பெற்றது” என்று வாசித்தேன். அதோடு விட்டேனா? “அடுத்த ஆண்டு மெட்ராஸ் துறைமுகத்தில் கார் வந்து இறங்கும்” என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். விசில் பறந்தது. எனக்கு ஸ்பெஷல் டீ வந்தது. வெட்கமில்லாமல் குடித்தேன்.

அந்த மாதமே சிவகிரி முதலாளி வண்டியை விற்கப் புறப்பட்டார். “நீ ஓட்டின வண்டி, நீயே எடுத்துக்கோ. துட்ட மெல்லக் குடு” என்றாராம். சொந்த வண்டி என்பது செல்லையாவின் வாழ்நாள் ஆசை. என்னிடம் ஓடி வந்தான்.

“எடுக்கவா, சார்வாள்? இல்ல, நம்ம கார் வாரது வரைக்கும் பொறுக்கவா?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம்! உண்மை நாக்கு நுனி வரை வந்தது... “பொறுத்தார் பூமி ஆள்வார், செல்லையா” என்றேன்.

பனவடலிசத்திரத்துக்காரர் ஒருவர் அந்த அம்பாசிடரை வாங்கினார். செல்லையா அவரிடம் சம்பளத்துக்கு ஓட்டினான். அந்த முன்சக்கரக் கார் பல ஆண்டு கழித்து ஒருவழியாகச் சோவியத்து நாட்டில் வெளிவந்தது. எங்கள் பக்கம் வரவேயில்லை. சொந்த வண்டி வாங்கும் வாய்ப்பும் அவனுக்கு மறுபடி வாய்க்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, அதே அம்பாசிடரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். முன்சீட்டில் இருந்த புது முதலாளி அவனைச் சீண்டினார்.

“என்னடே செல்லையா, எவனோ அளந்து விட்டத நம்பித்தான் இந்த வண்டிய எனக்கு விட்டுக்குடுத்தியாமே?”

செல்லையா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டான்!

“என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க அண்ணாச்சி. சார்வாளப் பொய்யருன்னா வண்டி நகராது, என் வேல போனாலும் சரி. புஸ்தகத்துல உள்ளத அப்படியே வாசிச்சவுக அவுக. பின்னாலதான இருக்காக... கேளுங்க!”

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆமா... புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு” என்றேன்.

செல்லையா சந்தோஷமாகக் கியரைப் போட்டான். கல்யாண வீடு வரை எனக்காகப் பேசிக்கொண்டே வந்தான்.