வாளியோடு ஆஸ்பத்திரிக்கு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் எங்கள் தமிழ் ஆட்களில் முதலில் சொந்த லாரி வாங்கியது யார் என்று கேட்டுப் பாருங்கள், என்னைத்தான் காட்டுவார்கள். கொட்டுகிற மழையில் கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பிய எனக்கு, என் மாமியாரைத் திருப்ப முடியவில்லை.

என் மனைவிக்குக் கரு கலைந்திருந்தது. எஸ்டேட் டாக்டர் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். சின்ன ஆபரேஷன்தான், ரத்தம் அதிகம் போனால் உடனே கொண்டு வா என்று சொல்லி அனுப்பினார். அதிகமா குறைவா என்று யார் பார்ப்பது? அந்தத் துணிகள் ஆண்கள் கண்ணில் படக்கூடாதே! மாமியார் அவற்றை மூடி போட்ட வாளிக்குள் போட்டு, வீட்டுக்குப் பின்னால் சாக்கு மறைப்பில் வைத்திருந்தார். போதாததற்கு, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காய மருந்தை இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கா அத்தை?"

"கெட்ட ரத்தம் போவுது மாப்ள. போகட்டும். பொம்பளைக விசயத்துல உங்களுக்கு என்ன சோலி?"

எப்போது கேட்டாலும் இதே பதில். கடைசியில், டீத் தம்ளரை வாங்க எழுந்தவள் அப்படியே சுவரோடு சரிந்தாள். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "வெறும் அசதி" என்றார் மாமியார். நான் மனைவியைத் தூக்கி லாரியில் கிடத்தினேன். இந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் வாய் திறக்க மாட்டார் என்று தெரியும். அதனால் வாளியையும் ஏற்றினேன்.

நினைத்தபடியே ஆயிற்று. எவ்வளவு துணி நனைந்தது, கட்டியாகப் போனதா என்று டாக்டர் கேட்டார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஏதோ கொஞ்சம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராந்தா வழியாக வாளியைத் தூக்கி வந்து, டாக்டர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன்.

"இது மறைச்சு வச்சா எனக்கு எங்ஙனே தெரியும்?" என்று மலையாளமும் தமிழுமாகக் கத்திவிட்டு, அவளை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கருவின் துணுக்கு ஒன்று உள்ளேயே தங்கியிருந்ததாம். மறுபடி சுரண்டி, கர்ப்பப்பை சுருங்க ஊசி போட்டு, சலைன் ஏற்றிய பிறகுதான் ரத்தம் நின்றது. காய மருந்தையும் நிறுத்தச் சொன்னார்.

கண் திறந்தவள் முதலில் கேட்டது இதுதான்: "ஊரே பாக்க வாளியத் தூக்கிட்டு வந்தீகளாமே? இனி நான் எந்த மொகத்தோட தண்ணி பிடிக்கப் பைப்படிக்குப் போக?"

"போறதுக்கு உசிரு இருக்குல்ல!" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாளியைத் தாயும் மகளும் வீட்டுக்குள் சேர்க்கவே இல்லை. லாரி கழுவ நான் வைத்துக்கொண்டேன்.