மேனேஜரின் வலது முன்னங்கால்

எங்கள் தெருமுனையில் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் பெண்மணியை எல்லோரும் ‘நொண்டி டாக்டர்’ என்றே குறிப்பிடுவர். அவருடைய கால்களில் ஒரு குறையும் இல்லை. நொண்டும் நாய் எது வந்தாலும், அதன் பின்னால் தாமும் அவ்வாறே நொண்டிப் பார்ப்பது அவர் வழக்கம். மாடியில் வசிக்கும் அவருடைய தாயாருக்கு அது தீராத மனக்குறை.

“படிச்ச படிப்பென்ன, நடக்குற நடையென்னடி!” என்று ஜன்னலிலிருந்து குரல் கொடுப்பார்.

ஒருநாள் காலை, தையற்காரர் ஒருவர் தம் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கடையில் ஒரு வேலையும் செய்யாமல் வருவோர் போவோரையெல்லாம் பார்த்துக் குரைப்பதால், அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர்.

“இடது முன்னங்கால்ம்மா. ஒரு வாரமா எண்ணெய் போட்டு நீவுறேன், கேக்கல.”

மேனேஜர் நடந்தது, டாக்டர் தொடர்ந்தார். அது தலையைத் தாழ்த்தியபோது தாழ்த்தினார், நிமிர்த்தியபோது நிமிர்த்தினார். நான்காவது அடியில் நின்றுவிட்டார்.

“அண்ணே, நல்ல காலையா நீவினீங்க?”

“இடது காலை வைக்கும்போதுதானேம்மா தலை தொங்குது?”

“நல்ல கால்ல பாரத்தைப் போட்டா தொங்கும். வலிக்கிற கால் தரையில பட்டா தலை மேல எகிறும். நீங்க கல்லை மிதிச்சா எப்படித் துள்ளுவீங்க?”

தையற்காரர் இல்லாத கல்லொன்றை மிதித்துப் பார்த்தார். தலை தானாக எகிறியது.

“அதான் நீவும்போது சொகமா குறட்டை விட்டானா, படுபாவி!”

டாக்டர் தொட்டுப் பார்த்தபோது, நாயின் வலது முன்னங்கால் மணிக்கட்டு வீங்கிச் சுட்டது. மயிரை விலக்கியதும் சிறு புள்ளி தெரிந்தது.

“எங்க படுப்பான்?”

“மெஷினுக்கு அடியில.” தையற்காரரின் குரல் தேய்ந்தது. “அங்க ஒரு ஊசி வளைஞ்சு கெடந்துச்சும்மா. ஏன்டா வளைச்சேன்னு இவனைத்தான் திட்டினேன்.”

டாக்டர் மூட்டிலிருந்து நீரெடுத்து இரு விரல்களுக்கிடையே வைத்து விரித்தார். நல்ல மூட்டு நீர் தெளிவாக இருக்கும், நூலாக நீளும். இதுவோ சுண்ணாம்புத் தண்ணீராகக் கலங்கியிருந்தது, நீளாமல் அறுந்தது.

“சீழ் பிடிச்சிருக்கு. விட்டா மூட்டையே அரிச்சிடும்.”

“கால் போயிடுமாம்மா?”

“இப்பவே கழுவுறேன். என்ன கிருமின்னு சோதனைக்கும் அனுப்புறேன். மருந்தை மட்டும் ஒருவேளைகூட விடாதீங்க.”

ஆறு வாரங்கள் கழித்து மேனேஜர் மறுபடியும் வாசலில் நடந்தது. தையற்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். தலை தொங்கவுமில்லை, எகிறவுமில்லை. பின்னால் டாக்டரும் நிமிர்ந்து நேராக நடந்தார்.

மாடி ஜன்னல் திறந்தது.

“அப்பாடா! கால் சரியாயிடுச்சா?”

“ஆமாம்மா,” என்றார் தையற்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ரெண்டு பேருக்குமே!”